கஸ்பார் அண்ணாச்சியின் பொதி

சிஷ்யர் ஆசிரியையைவிட மூத்தவர். அதனால் ஆசிரியை அவரை அண்ணாச்சி என்றார். அவர் ஆசிரியையை டீச்சர் என்றார்.

கஸ்பார் மச்சாது தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறியவர். அவர் வாயைத் திறந்தால் ஏலக்கூடத்தில் வேறு யார் பேச்சும் எடுபடாது. நங்கூரம் போட்ட விசைப்படகில் படுத்திருப்பவன்கூட இன்றைக்கு வஞ்சிரம் என்ன விலை போகிறது என்று தெரிந்துகொள்வான்.

தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை வைத்தார்கள். பேச்சுக்கு எதுவும் வைக்கவில்லை.

மெஹருன்னிசா காயல்பட்டினத்துக்காரர். வாரநாட்களில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பார். சனிக்கிழமைகளில் துறைமுகச் சாலையில், ஐஸ் பேக்டரி மாடியில், யார் வந்தாலும் கணினி சொல்லிக்கொடுப்பார். அங்கிருந்த கணினிகள் எல்லாவற்றிலும் கூடல் ஓடியது.

கூடல் ஓர் இயங்குதளம். அதை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. பல நாடுகளில் இருப்பவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, ஆளுக்கொரு துண்டாகச் செய்து சேர்த்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அந்தத் துண்டுகளுக்குப் பொதி என்று பெயர். ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. மெஹருன்னிசாவின் பொறுப்பிலும் சில பொதிகள் இருந்தன.

கஸ்பாரை அவர் மனைவி ரெஜினா அழைத்து வந்தார். மெஹருன்னிசா ஒரு பழைய லேப்டாப்பில் கூடலை ஏற்றி, தமிழ்ப் பேச்சுப் பொதியையும் போட்டுக் கொடுத்தார்.

"நினைக்கிறதை எழுதுங்க அண்ணாச்சி. எழுதிட்டு எண்டர் தட்டுங்க."

கஸ்பார் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார்.

"ரெஜினா, காப்பி வேணும்" என்றது லேப்டாப்.

ரெஜினா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு காப்பி வாங்க மாடிப்படியில் ஓடினார்.

அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் கஸ்பார் வராமல் இருந்ததில்லை. முதலில் தட்டச்சு கற்றார். பிறகு பொதிகளை ஏற்றவும் இறக்கவும் கற்றார். ஒரு கட்டத்தில், பொதிக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்.

ஒருநாள் கேட்டார்.

"டீச்சர், இந்தக் குரலை எனக்குக் குடுத்தது யாரு?"

"எதுக்குக் கேக்கீங்க?"

"நன்றி சொல்லணும்."

"அதான் எனக்குத் தெனமும் சொல்லுதீங்களே."

"நீங்க ஏத்திக் குடுத்தீங்க. செஞ்சது யாரு?"

மெஹருன்னிசா ஒரு கட்டளையைத் தட்டினார். பேச்சுப் பொதி எந்தெந்தப் பொதிகளைச் சார்ந்து நிற்கிறது, அவை எவற்றைச் சார்ந்து நிற்கின்றன என்று திரையில் வரிகள் ஓடின. கஸ்பார் பார்த்துக்கொண்டே இருந்தார். வரிகள் நிற்கவில்லை.

"இதுல யாரு டீச்சர்?"

"நீங்களே சொல்லுங்க. இதுல தேவையில்லாத ஆள் ஒருத்தரக் காட்டுங்க."

கஸ்பார் மேலும் கீழும் தேடினார். எல்லாவற்றிலும் சிறியதாக ஒரு பொதி கண்ணில் பட்டது. ஹீலோ என்று பெயர். ஒரு புகைப்படத்தின் அளவுகூட இல்லை.

"இதை எடுத்தா ஒண்ணும் ஆகாது."

"எடுங்க."

கஸ்பார் நீக்கும் கட்டளையைக் கொடுத்தார். இதை நீக்கினால் இவையும் நீங்கும், தொடரலாமா என்று கணினி கேட்டது. ஏலம் கூறியவருக்கு எதையும் நின்று படிக்கும் பழக்கமில்லை. தொடரலாம் என்று தட்டிவிட்டார்.

"இப்ப என்ன ஆச்சு?" என்று எழுதி எண்டரைத் தட்டினார்.

சத்தம் வரவில்லை.

மறுபடி தட்டினார். கீழே ஐஸ் உடைக்கிற மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கஸ்பாரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

மெஹருன்னிசா அசையவில்லை.

கஸ்பார் தானே ஹீலோவை மறுபடி ஏற்றினார். பேச்சுப் பொதியை மறுபடி ஏற்றினார். விரல் பிசகிப் பிசகி விழுந்தது. கடைசியில் லேப்டாப் பேசியது.

"போயிட்டுன்னு நினைச்சேன்."

"நானும் முதல்தடவை ஒண்ணை நீக்கினப்ப அப்படித்தான் பயந்தேன்" என்றார் மெஹருன்னிசா.

"என்ன செய்யுது இது?"

"பேச்சைச் சின்னச் சின்னச் சத்தமாப் பதிஞ்சு வச்சிருக்காங்க. ஒரு சத்தம் முடிஞ்சு அடுத்தது தொடங்குற இடத்தை இது ஒட்டுது. ஹீலோன்னா ஸ்பானிஷ் பாஷையில நூலுன்னு அர்த்தம்."

"யாரு செஞ்சது?"

"ரமீரோன்னு ஒருத்தர். சிலி நாட்டுல, வால்பரைசோங்கிற ஊரு. அதுவும் துறைமுகம்தான்."

"துறைமுகமா!" என்று எழுதினார் கஸ்பார். அன்று முழுக்க அவர் முகம் மலர்ந்திருந்தது. ரமீரோவுக்கு ஒரு கடிதம் எழுதப்போவதாக ரெஜினாவிடம் சொன்னார். என்ன எழுதுவது, எந்தப் பாஷையில் எழுதுவது என்று யோசித்ததில் அது தள்ளிப்போயிற்று. பிறகு மறந்தும் போயிற்று.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூடலின் அடுத்த பதிப்பு வருவதாக இருந்தது. அதையொட்டி ஓர் அறிவிப்பு வந்தது. எழுதிய நிரலைக் கணினி ஓட்டும்படி கட்டித் தருகிற புதிய கம்பைலர் ஹீலோவை ஏற்க மறுக்கிறது. பொறுப்பாளரிடமிருந்து பதில் இல்லை. வேறு யாரும் முன்வராவிட்டால், ஹீலோவும் அதைச் சார்ந்த பொதிகளும் புதிய பதிப்பில் இடம்பெறாது.

கஸ்பார் நனைந்துகொண்டே மாடி ஏறி வந்தார். கழுத்துத் துளையில் மூச்சு சீறியது. உட்காராமலே லேப்டாப்பைத் திறந்தார்.

"டீச்சர், பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எடுத்திருவாங்களா?"

"எடுத்திருவாங்க. கட்ட முடியாத பொதியை வச்சுக்கிட்டு என்ன செய்வாங்க?"

"நீங்க சரி பண்ணுங்க. உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி நேரம்."

"அப்பப் பண்ணுங்க."

"மாட்டேன்."

லேப்டாப்பின் குரலுக்குக் கோபப்படத் தெரியாது. கஸ்பார் அதையே திரும்பத் தட்டினார்.

"நீங்க சரி பண்ணுங்க."

அதே குரல். அதே நிதானம். கஸ்பார் உள்ளங்கையால் மேசையில் அடித்தார்.

"சரி. நான் பழைய பதிப்பிலேயே இருந்துக்கிடுதேன்."

"இருக்கலாம். இந்த லேப்டாப் உழைக்கிற வரைக்கும் ஒரு குறையும் வராது. ஆனா உங்களுக்குப் பின்னால ஆஸ்பத்திரியில இருந்து யாராவது வருவாங்கல்லா? அவங்களுக்குப் புதுசுதான கிடைக்கும்?"

"அதுக்குத்தான் உங்களச் சொல்லுதேன். நீங்கதான் பெரிய ஆளு."

"என் கையில இருக்கிற பொதிகளையே நான் ஒழுங்காப் பாக்கல அண்ணாச்சி. இதையும் வாங்கி வச்சா இந்தத் தடவை பிழைச்சுக்கிடும். அடுத்த தடவை பதில் சொல்லாத ஆளு நானா இருப்பேன்."

கஸ்பார் லேப்டாப்பைப் படாரென்று மூடினார். அவரால் போடமுடிந்த சத்தம் அது ஒன்றுதான். மழையில் இறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போய் ரமீரோவுக்கு எழுதினார். இந்த முறை என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 'ஒருமுறை டாக்டர் என் தொண்டையை அறுத்தார். இரண்டாம்முறை நீ அறுக்கிறாய்' என்று எழுதி, கணினியிலேயே மொழிபெயர்த்து அனுப்பினார்.

சில நாள் கழித்துப் பதில் வந்தது. 'மன்னிக்கவும். இந்த முகவரியை நான் எப்போதாவதுதான் திறக்கிறேன். நீங்கள் எழுதியது புரியவில்லை. ஹீலோவுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம்?'

கஸ்பார் அதைக் கொண்டுவந்து மெஹருன்னிசாவிடம் காட்டினார்.

"தெரியாத மாதிரிக் கேக்கான் பாருங்க."

"நிஜமாவே தெரியாது."

"தான் செஞ்சது தெரியாதா?"

"ஒட்டுறதுக்கு ஒண்ணு செஞ்சாரு. யாரு எதை ஒட்டிக்கிடுதாங்கன்னு அவருக்கு யாரு சொன்னா?"

கஸ்பார் ரமீரோவின் பதிலை மறுபடி வாசித்தார்.

"பேசிப் பாக்கீங்களா அண்ணாச்சி?"

இங்கே சனிக்கிழமை சாயங்காலம். அங்கே காலை வெயில். வீடியோ அழைப்பில் ரமீரோ ஒரு ரொட்டிக்கடைக்குள் நின்றார். நரைத்த தாடி. ஏப்ரனெல்லாம் மாவு. மெஹருன்னிசா ஆங்கிலத்தில் பேசினார். ரமீரோவும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் பேசினார். அவர் மாணவனாக இருந்தபோது, கடற்பறவைகளின் கூவலைப் பதிந்து வந்து, துண்டுகளை ஒட்டுவதற்காக ஹீலோவை எழுதினாராம். பிறகு படிப்பு நின்றது. அப்பாவின் அடுப்பைப் பார்க்க வந்துவிட்டார்.

கஸ்பார் திட்டுவதற்கென்று நாலைந்து வரிகளை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்தார். வரிகளை அழித்தார். புதிதாகத் தட்டினார்.

"வணக்கம். என் பேரு கஸ்பார். எனக்குக் குரல்வளை இல்ல. இப்ப நீங்க கேக்கிறது ஹீலோ ஒட்டின பேச்சு."

ரமீரோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் மெஹருன்னிசா மொழிபெயர்க்கும் முன்பே கை காட்டி நிறுத்தினார். மறுபடி கேட்கவேண்டும் என்றார். கஸ்பார் மறுபடி எண்டரைத் தட்டினார். ரமீரோ திரையில் காதை வைத்துக் கேட்டார். பிறகு மெஹருன்னிசா அர்த்தம் சொன்னார்.

ரமீரோ கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டார். அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னொரு தடவை போடச் சொல்லுதாரு. அவங்களும் கேக்கணுமாம்" என்றார் மெஹருன்னிசா.

கஸ்பார் போட்டார்.

ரமீரோ நெடுநேரம் பேசினார். மெஹருன்னிசா சுருக்கிச் சொன்னார்.

"அதை வெளியிட்ட நாள்ல இருந்து ஒருத்தர்கூட எழுதலையாம். யாருக்கும் உபயோகமில்லன்னு நினைச்சு விட்டுட்டாராம்."

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தட்டினார்.

"நானும் எழுதல. இந்தக் குரல்ல தெனமும் ஊரெல்லாம் பேசினேன். உங்களுக்கு ஒரு வரி எழுதல. இப்பச் சொல்லுதேன். நன்றி. என் வீட்டுக்காரி ரெஜினாவும் சொல்லச் சொன்னா."

ரமீரோ கண்ணைத் துடைத்தார். கன்னத்தில் மாவு ஒட்டிக்கொண்டது.

கடையை விட்டு இனி வரமுடியாது என்றார். யாராவது ஹீலோவை எடுத்துக்கொண்டால் சந்தோஷம் என்றார்.

கஸ்பார் மெஹருன்னிசாவைப் பார்த்தார். மெஹருன்னிசா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கஸ்பார் ஏதோ எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார்.

"நான் எடுத்துக்கிடுதேன்."

லேப்டாப் அதைத் தயங்காமல் சொல்லிவிட்டது.

பழுது சின்னதுதான். நிரலில் சொல்லாமல் விட்டதைப் பழைய கம்பைலர் தானாக யூகித்துக்கொண்டிருந்தது. புதியதோ முதலிலேயே அறிவித்துவிடச் சொன்னது. ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரி எங்கே போகவேண்டும் என்று கண்டுபிடிக்கக் கஸ்பாருக்கு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. மெஹருன்னிசா ஒரு தடவைகூடக் கீபோர்டைத் தொடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். கேட்காததற்குச் சொல்லவில்லை.

பொதி கட்டி முடிந்தது. புதியவர் கட்டிய பொதியைப் பழையவர் ஒருவர் பார்த்துக் கையொப்பமிட்டால்தான் அது கூடலுக்குள் போகும். கஸ்பார் மெஹருன்னிசாவிடம் கொடுத்தார். அவர் திருப்பிக் கொடுத்தார்.

"பதிப்பு எண் தப்பு."

திருத்திக் கொடுத்தார். மறுபடி திரும்பி வந்தது.

"எழுதினவங்க பேருல ரமீரோ மட்டும் இருக்காரு. இன்னொருத்தர் உண்டு."

"யாரு?"

"தேடுங்க."

கஸ்பார் பழைய பதிப்புகளையெல்லாம் புரட்டினார். ஒரு மூலையில் ஹலீனா என்று ஒரு பெயர் கிடந்தது. எந்த ஊரோ. எப்போதோ ஒரே ஒரு பிழையைத் திருத்தி ரமீரோவுக்கு அனுப்பியிருந்தார்.

"ஒரு வரிதான டீச்சர் மாத்தியிருக்காங்க?"

"நீங்க எத்தனை வரி சேத்திருக்கீங்க?"

கஸ்பார் சிரித்தார். அவர் சிரிப்பில் சத்தம் வராது, தோள்தான் குலுங்கும். ஹலீனாவின் பெயரைச் சேர்த்தார். அந்தப் பொதியையும் மெஹருன்னிசா திருப்பினார். எங்கோ ஓர் இடைவெளி கூடுதலாக இருந்தது.

"ஏலத்துல இவ்வளவு நேரம் எடுத்தா மீனு நாறிப்போகும்."

"இது நாறாது. நிதானமாப் பாருங்க."

கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மெஹருன்னிசா தன் கையொப்பத்தைச் சேர்த்து அனுப்பினார். ஹீலோ தப்பியது. அதைச் சார்ந்து நின்ற பேச்சுப் பொதியும் தப்பியது.

புதிய பதிப்பு வந்த அன்று ரெஜினா ஒரு கூடை விளைமீனோடு மாடி ஏறி வந்தார். ஹீலோவின் விவரம் திரையில் இருந்தது. பொறுப்பாளர் என்ற இடத்தில் கஸ்பார் மச்சாது என்று எழுதியிருந்தது. ரெஜினா திரையில் விரல் வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்தார்.

"உலகம் முழுக்கத் தெரியுமா டீச்சர் இது?"

"தெரியும் அக்கா."

"இவுக பேரா?"

"இவுக பேருதான்."

ரமீரோவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. ரொட்டி ஒன்றில் மாவைக் கீறி, கஸ்பார் என்று அவர்கள் எழுத்தில் எழுதிச் சுட்டிருந்தார். ரெஜினா அதைப் போனில் ஏற்றிக்கொண்டு போய்த் தெருவெல்லாம் காட்டினார்.

மாசி பிறந்தது. வெயில் ஏறத் தொடங்கியது.

ஒரு சனிக்கிழமை கஸ்பார் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக வந்ததும் வணக்கம் தட்டுகிறவர் அன்று தட்டவில்லை. லேப்டாப்பை மெஹருன்னிசாவின் பக்கம் திருப்பி வைத்தார்.

ஹீலோவில் பிழை இருப்பதாக, பயன்படுத்துகிற ஒருவரிடமிருந்து முதன்முதலாக ஒரு வழு அறிக்கை வந்திருந்தது. ஊர் பேர் இல்லை. தமிழில் இருந்தது.

'பேச்சு அறுகிறது. "ழி" வரவேண்டிய இடத்தில் டக் என்று ஒரு சத்தம் வந்து நின்றுவிடுகிறது. பக்கவாதம் வந்து நாக்கு இழுத்துக்கொண்ட பிறகு இதில்தான் பேசுகிறேன். என் மகள் பெயர் தேன்மொழி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடவேண்டியிருக்கிறது! இதையெல்லாம் பார்க்க யாராவது இருக்கிறீர்களா இல்லையா?'

மெஹருன்னிசா படித்து முடித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

கஸ்பார் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தட்டினார்.

"மழைக்காலம் பூரா உக்காந்து பாத்தேன் டீச்சர். முதமுதல்ல ஒண்ணு வருது, ஒரு வணக்கம் இல்ல, ஒரு நல்ல வார்த்தை இல்ல. வேலை சரியில்லன்னு எடுத்த எடுப்புல குறை சொல்லுதாரு."

"குறையாவா தெரியுது?"

"வேற என்ன?"

"எங்கயோ ஒரு வீட்டுல ஒருத்தர் உங்க ஹீலோவால மகளைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காரு, அண்ணாச்சி. இன்னும் 'ழி' மட்டும்தான் பாக்கி."